பதினெட்டாவது ஆள்

1

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. நான் வேலை பார்க்கிற சாப்பாட்டுக்கூடத்துக்கு இந்த வாரம் பெயிண்ட் அடிக்கிறார்கள். மேசைகளை நடுவுக்கு இழுத்துப் போட்டுப் பழைய போர்வையால் மூடி வைப்பது என் பொறுப்பு. சுவரைச் சுரண்டிக்கொண்டே வந்த பெயிண்டர் பால் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இது யார் ஒட்டினது?" என்று கேட்டார். நீல நிற டேப், விரல் நீளத்தில் நான்கு துண்டுகள். ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளும் இருந்த இடம் அது.

"தெரியாது" என்றேன்.

தெரியும். இத்தனை வருடமாக அந்தச் சுவரைத் துடைக்கிறவன் நான்தான். அந்த நான்கு துண்டுகளையும் விட்டுவிட்டுத்தான் துடைத்து வந்தேன்.

பெயிண்டர் அவற்றை ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைப் பையில் போட்டார். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரில் கடலுக்குப் போன காலத்தில், வள்ளத்தில் சும்மா இருக்கிற நேரத்தில் கையில் கிடைத்த தாளையெல்லாம் வாசித்ததில் தமிழ் மட்டும் தங்கிவிட்டது. நாலு பேர் நடுவில் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

2

நான் மிக்கேல் கோமஸ். தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தப் பெயரைக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய தாத்தாக்களிடமிருந்து வந்த பெயர். அமெரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டிய இந்த ஊரில், இதே பெயர் என்னை வேறு ஆளாக்கிவிட்டது. வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பிய பெண் பெயரைப் பார்த்தாள், என் நிறத்தைப் பார்த்தாள், ஸ்பானிய மொழிக்காரர் என்ற கட்டத்தில் அவளே குறி போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு வருகிற அரசாங்கக் கடிதமெல்லாம் ஸ்பானிய மொழியில் வருகிறது. திருத்தச் சொல்லி மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை எனக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்து தந்தார்கள். அவருக்கும் எனக்கும் என்ன பேசிக்கொள்வதென்று தெரியவில்லை. கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவள் படிப்புதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. அவள் டியூட்டி முடித்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். செருப்பு கழற்றுகிற இடத்தில் சந்தித்துக்கொள்வோம். ஒரே மகள் அமலி. ஏழு வயதில் வந்தவள். இப்போது தலைநகரத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா? குளிரா இருக்கா? சரிப்பா, வைக்கிறேன்." மூன்று வரி. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்றாம் வரி வந்துவிடும்.

டேப் ஒட்டிய வருடம் அவள் கல்லூரியில் இருந்தாள்.

3

அது என்ன வருடம் என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டு ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக ஆட்களைக் கேட்கும். பெரும்பாலான இடங்களில் சீட்டில் குறி போட்டால் போதும். எங்கள் மாநிலத்தில் அப்போது சீட்டு கிடையாது. வட்டாரத்து ஆட்கள் ஒரு கூடத்தில் கூட வேண்டும். சுவரில் ஆங்காங்கே வேட்பாளர் பெயர்கள் ஒட்டியிருக்கும். பிடித்தவர் பெயருக்குக் கீழே போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத கூட்டம் கலைந்து, வேறு கூட்டத்துக்குப் போக வேண்டும். மிஞ்சுகிற கூட்டங்களுக்குத் தலைக்கணக்குப்படி மேல் மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள்.

எல்லார் கண்ணும் பார்க்க நடந்து போய் நிற்பது. கூச்சக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஆனால் அந்த வருடம் டிவியில் வேட்பாளர்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது நான் சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பெண்கள் பல பேர். கறுப்பர்கள். ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன் ஒருவர். ஆணையே கலியாணம் செய்துகொண்ட ஆண் ஒருவர், அதை மறைக்காமல் சொல்லிக்கொண்டு. என் கடிதங்கள் வருகிற மொழியில் பெயர் வைத்திருந்த ஒருவர். அப்புறம் ஒரு பெண். என் அக்கா நிறம். தாய் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்து வளர்த்தாராம். பெயர் இங்கே வேண்டாம்.

நான் குடியுரிமை வாங்கிய அறையில் ஜனாதிபதிகளின் படங்கள் வரிசையாகத் தொங்கின. காத்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒருவரைத் தவிர எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள் போல இருந்தார்கள். அந்த நாற்காலிக்கு இந்த வரிசை வந்து நிற்கிறதே என்று போனில் அமலியிடம் சொன்னேன்.

"இந்தப் பொம்பள நிக்காவளே, பார்த்தியா?"

"பார்த்தேன்பா. ஆனா ஆள் யாருன்னு பார்க்கக் கூடாது. என்ன செய்வாங்கன்னு பார்க்கணும்."

அவள் ஆதரித்தது தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரரை. படிப்புக் கடன், வைத்தியச் செலவு என்று அவர் சொன்னதையெல்லாம் எனக்கு விளக்கினாள். அவள் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது அவளுக்குத் தண்ணீர்க் குழாயைத் திருகினால் தண்ணீர் வருவது போல. நான் வந்த இடம் வேறு.

அப்புறம்தான் கேட்டாள். "அப்பா, எங்க பக்கத்துக்கு நம்ம வட்டாரத்துல நான்தான் லீடர். நீங்க கண்டிப்பா வரணும். என் பக்கம் நிக்கணும்."

"பேச வேண்டாம்லா?"

"பேசவே வேண்டாம். நின்னா போதும்."

"நிக்கத்தானே. அது நமக்கு வரும்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது. பத்து வயதுக்கு மேல் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி என்னிடம் எதுவும் இருந்ததுமில்லை.

4

நான் வந்த இடத்தைச் சொல்கிறேன். திரேஸ்புரத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பு. சங்கு குளிக்கிற வள்ளத்தில் வேலை. நான் குளிக்கிறவன் இல்லை. மேலே இருந்து காற்றுக் குழாய் பிடிக்கிறவன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடியில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள், பங்காளி. மச்சினன் என்றால் தன் அக்காள் தாலி அறுவதற்குச் சம்மதிக்க மாட்டான். கயிறு போய்க் குழாய் வந்தபிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

நான் பிடித்தது அக்கா பிலோமினாவின் கணவர் இன்னாசியின் குழாயை. ஒவ்வொரு நாளும் இறங்குவதற்கு முன் அத்தான் ஒரே வசனம் சொல்வார்.

"ஏலே மிக்கேலு, ஒங்க அக்காளுக்கு வெள்ளச்சீலை எடுத்துராத."

"எடுக்கதுக்கு எங்கிட்ட துட்டு இல்ல அத்தான். நீங்க பேசாம மேல வந்துருங்க."

தினமும் சிரிப்போம். பதினோரு வருடம் அவர் மூச்சு என் கையில் இருந்தது.

எங்கள் ஊர்க் கமிட்டிக்குத் தலைவர் என்றால் விசைப்படகு வைத்திருக்கிற சம்மாட்டி வீட்டு ஆள்தான். அடியில் இறங்குகிற குளியாளி நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நின்றதில்லை, அவ்வளவுதான். ஒரு வருடம் அத்தான் நின்றார். அடியில் போய்க் கால் விளங்காமல் வந்தவர்களைக் கமிட்டி கவனிக்க வேண்டும் என்பது அவர் பேச்சு. ஞாயிறு பூசை முடிந்து வலைக் கொட்டகைக்குப் பின்னால் மணலில் எல்லாரும் உட்கார்ந்தோம். கை தூக்கித்தான் தேர்வு. எதிரே நாற்காலியில் சம்மாட்டி இருந்தார். நாங்கள் போகிற வள்ளம் அவருடையது.

"இன்னாசிக்குச் சேந்தவங்க கையத் தூக்குங்க" என்றார்கள்.

எனக்கு முன்னால் கைகள் எழுந்தன, பின்னால் எழுந்தன. என் கை மணலில் ஊன்றியிருந்தது. சம்மாட்டி என்னைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை. பயம் என்று மட்டும் சொன்னால் பொய். அத்தனை பேர் நடுவில் கையைத் தூக்குகிற கூச்சமும் இருந்தது. யாராவது ஏதாவது சொல்லிச் சிரிப்பார்களோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த நிமிடத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள்.

அத்தான் மூன்று கை வித்தியாசத்தில் தோற்றார். என் ஒரு கையால் மட்டும் தோற்கவில்லை என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலை வள்ளத்தில் அத்தான் எப்போதும்போல இறங்கத் தயாரானார். கண்ணாடியை மாட்டினார். குழாயை எடுத்தார். என்னைத் தாண்டி நீட்டி, எதிர்ப்பக்கம் இருந்த வேறொருவன் கையில் கொடுத்தார்.

"நீ நங்கூரத்தப் பாருலே" என்றார்.

வெள்ளைச்சீலை வசனம் அன்றைக்கு இல்லை. பிறகும் இல்லை. வீட்டுக்குப் போனால் "சாப்புட்டியாலே" என்பார். அக்காவுக்கு இன்றுவரை இது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தேன். அப்போதும் அதேதான், "சாப்புட்டியாலே."

5

தலையை எண்ணுகிற அந்தக் கூட்டம் சாயங்காலம் ஏழு மணிக்கு. நடந்தது எங்கள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்திலேயே. மதியம் மூன்று மணிக்கு நானும் ரூத்தும் மேசைகளைத் துடைத்து, மடக்கி, சுவரோரம் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ரூத் என்கூடப் பாத்திரம் கழுவுகிற கறுப்பினப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுவுகிற இயந்திரத்தின் இரைச்சலில் நாங்கள் இருவரும் அதிகம் பேசியதில்லை. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஜெசிந்தாவுக்கு ராத்திரி டியூட்டி. பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நான் மட்டும் பனியில் நடந்தேன். தூத்துக்குடியில் பிறந்தவன் பனிமய மாதாவின் பிள்ளை. மாதா பெயரிலிருந்த பனியை இங்கே வந்துதான் கண்ணால் பார்த்தேன். கால் பழக்கத்தில் பின்பக்கம் சமையலறைக் கதவுக்குப் போய்விட்டேன். பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனேன். அந்தக் கட்டடத்துக்குள் முன்வாசல் வழியாக நான் போனது அதுவே முதல் தடவை.

வாசலில் பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டினார்கள். ஒட்டியதுமே ஸ்பானியப் பெயர் வேட்பாளரின் மூலையிலிருந்து இரண்டு பேர் என்னைக் கை காட்டி அழைத்தார்கள், அவர்கள் மொழியில், அவ்வளவு பிரியமாக. போகவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அமலி அட்டையும் பேனாவுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்குப் பெயர் ஏமி. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் கூட்டத்தில் நிறுத்தினாள். "இவங்க எங்க அப்பா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நாலைந்து பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன். மதியம் நான் துடைத்த தரை. சுத்தமாகத்தான் இருந்தது.

முறையான எண்ணிக்கைக்கு முன்னால் ஒவ்வொரு கூட்டமும் தன் ஆட்களைத் தானே எண்ணிப் பார்த்தது. கூடத்தில் மொத்தம் நூற்றுப் பதினேழு பேர். பதினெட்டுப் பேர் சேராவிட்டால் கலைய வேண்டும். அமலியின் கூட்டத்தில் ஐம்பதுக்கு மேல். அவள் வேகமாகக் கணக்குப் போட்டாள். "பால் பெட்டிப் பக்கம் பதினேழுதான். அது கலைஞ்சா பாதிப் பேர் நம்ம பக்கம் வருவாங்க. நமக்கு இன்னொரு பிரதிநிதி கிடைக்கும்."

பால் பெட்டிப் பக்கம் பார்த்தேன். நீல டேப்பால் ஒட்டிய காகிதத்தில் அந்தப் பெண்ணின் பெயர். அதன் கீழே ரூத் நின்றார். காதில் கல்வைத்த தோடு போட்டிருந்தார். வேலைக்கு வரும்போது அது இருக்காது. அவர்தான் அந்தக் கூட்டத்துக்கு லீடர் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. இறைச்சித் தொழிற்சாலைச் சீருடையோடு நான்கு பேர், ஊன்றுகோலோடு வெள்ளைக்காரக் கிழவி ஒருவர், சூடான் தேசத்துப் பெண்கள் சிலர். ரூத் விரலை நீட்டி எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் தலையைத் தூக்கிக் கூடத்தைப் பார்த்தார். பார்வை ஒவ்வொரு முகமாக வந்தது. என் முகத்துக்கு வந்ததும் நிற்காமல் தாண்டிப் போனது. என் மகள் பக்கத்தில் நிற்கிறேன், கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பார். மரியாதையாகத்தான் தாண்டியது.

எனக்கு வள்ளம் ஞாபகம் வந்தது. என்னைத் தாண்டி நீண்ட கை ஞாபகம் வந்தது.

எப்படி நடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கூடத்தின் நடுவில் யாரும் இல்லை. ஷூவிலிருந்த பனி உருகி நான் வந்த வழி முழுவதும் ஈரம். பாதி தூரத்தில் பின்னால் தமிழ் கேட்டது.

"அப்பா, எங்க போறீங்க?"

அந்தக் கூடத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். புரியாதவன் போலப் போய் நின்றேன்.

ரூத் என்னைப் பார்த்தார். "பதினெட்டு" என்றார். எண்ணுகிறவர் வந்து, எல்லாரும் கையைத் தூக்குங்கள், எண்ணினதும் இறக்குங்கள் என்றார். தூக்கினேன். முழங்கை அளவு தூக்கினால் போதும். நான் தலைக்கு மேலே நேராகத் தூக்கிவிட்டேன்.

6

அமலிக்கு அந்த ஒரு பிரதிநிதி கிடைக்கவில்லை. காரில் என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமல் கேட்டாள்.

"நிக்கிறேன்னு சொன்னீங்கல்லாப்பா."

"சொன்னேன்."

"அவங்க நம்ம கலருங்கிறதாலயா போனீங்க?"

வலைக் கொட்டகையையும், மணலில் ஊன்றியிருந்த கையையும், நீட்டிய குழாயையும் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கமிட்டி என்றால் என்ன, குளியாளி என்றால் யார், மச்சினன் ஏன் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்க வேண்டும். எனக்கு அவ்வளவு வாய் கிடையாது.

"ஆமா" என்றேன்.

அதிலும் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

அவள் வருகிறாள் என்று காலையிலேயே மீன் குழம்பு வைத்திருந்தேன். ஃபிரீசர் மீன்தான், புளியும் மிளகாயும் மட்டும் ஊர்ச் சரக்கு. உள்ளே வரவில்லை. காலையில் வகுப்பு இருக்கிறது என்று கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். ஜெசிந்தா டியூட்டியிலேயே சாப்பிட்டுவிடுவாள், அதனால் இரண்டு நாள் நான் ஒருவனாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். அதுவரை சுவரிலேயே இருந்த அந்தக் காகிதத்தை ரூத் டேப்புக்கு அடியிலிருந்து கிழியாமல் உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டேப் மட்டும் சுவரில் தங்கியது. அன்று மாலை அமலியிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தைகூடச் சேர்த்து எழுதவில்லை. பால் பெட்டிக்குப் பக்கத்தில் நான், பூசைச் சட்டையோடு, கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. அவ்வளவு கோபத்திலும் எடுத்திருக்கிறாள். ஏன் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. ஏன் போனேன் என்று அவளும் மறுபடி கேட்கவில்லை. மூன்று வரிப் பேச்சு அதற்குப் பிறகு வந்ததுதான்.

7

டேப் போன அன்று மத்தியானம், பெயிண்டர் சாப்பிடப் போன நேரத்தில், அந்தப் படத்தை அக்கா போனுக்கு அனுப்பினேன். அக்காவின் குரல் பதில் உடனே வந்தது.

"இது எந்தக் கோயில்லே? ஏன் எல்லாரும் கையத் தூக்கிட்டு நிக்காவ? செபக்கூட்டமா? நீ ஏன் இப்படி எளச்சுப் போயிருக்க?"

காலியான கூடத்தில் மேசைகளுக்கு நடுவே நின்று பதில் பேசிப் பதிவு செய்தேன். செபக்கூட்டம் இல்லை, ஓட்டு என்றேன். இங்கே நாட்டுக்குத் தலைவராக யாரெல்லாமோ நிற்கிறார்கள் என்றேன். ஒரு துணி வெளுக்கிறவள் மகள் நின்றாள், அவளுக்கு ஒரு ஆள் குறைந்தது என்றேன். "அத்தான்கிட்ட காட்டுக்கா. அன்னைக்குத் தூக்காத கைதான் இதுன்னு சொல்லு" என்றேன். அனுப்பிவிட்டுப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு, துடைக்க வேண்டாத இடத்தையெல்லாம் துடைத்தேன்.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. பெயிண்டர் பால் பெட்டிச் சுவருக்கு இரண்டாம் பூச்சு பூசினார்.

மூன்றாம் நாள் வந்தது. அக்கா போனிலிருந்துதான், ஆனால் அத்தான் குரல். அடியில் போய்ப் போய் ஒரு காது கேட்காது அவருக்கு. அதனால் கரையிலிருந்து வள்ளத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி பேசுவார்.

"ஏலே மிக்கேலு. போட்டோ பார்த்தேன். இம்புட்டு வருசமாவாலே தூக்கிட்டு நிக்க? எறக்கு. கை வலிக்கப் போவுது."

பெயிண்டர் திரும்பிப் பார்த்து, என்ன மொழி என்று கேட்டார். சொன்னேன். ஸ்பானியம் என்று நினைத்தாராம்.

அத்தான் குரலை அப்படியே அமலிக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன், அவள் படத்தை அனுப்பியது போலவே. சிறிது நேரத்தில் பதில் வந்தது. "யாருப்பா இது?"

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லத் தொடங்கிவிட வேண்டும்.